அனுபவமில்லாத நான்கு பேரை எடுத்தேன், மூவர் போய்விட்டார்கள்: எங்கே சறுக்கினேன்?

கேள்வி: பில்லிங்காரன், அண்ணா நகர், மதுரை

வணக்கம். பதினோரு பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் என்னுடையது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஜவுளிக்கடை, அரிசி ஆலை, ஹார்டுவேர் கடை என்று எல்லாரும் ஒரே மாதத்தில் பில்லிங் மென்பொருள் தேடி அலைந்தார்கள். அந்தப் புண்ணியத்தில் தொடங்கிய கடைதான்.

போன ஜூனில் முதல் தடவையாக, கல்லூரி முடித்த கையோடு நான்கு பேரை எடுத்தேன். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் முதல் பட்டதாரிகள். நானும் அப்படி வந்தவன் என்பதால் கொஞ்சம் ஆசையோடுதான் எடுத்தேன். ஐந்து மாதத்தில் மூவர் இல்லை. ஒருவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, அது நல்ல சேதி. ஒரு பெண்ணை வீட்டில் தொடர்ந்து அனுப்பவில்லை. மூன்றாவது பையன்தான் இன்னும் உறுத்துகிறான்.

கெட்டிக்காரன். நேர்காணலில் நான் கொடுத்த கணக்கைத் தாளிலேயே போட்டுக் காட்டியவன். சேர்ந்த வாரமே, ஒரு திங்கட்கிழமை, ஸ்டாக் ரிப்போர்ட்டில் இருந்த சின்னப் பிழையைத் திருத்தச் சொன்னேன். "ஆச்சாப்பா?" என்று கேட்டால் "பாத்துட்டிருக்கேன் சார்" என்பான். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் திரையை எட்டிப் பார்த்தேன். ப்ராஜெக்ட் அவன் கணினியில் இன்னும் ஓடவே இல்லை! ப்ராஜெக்டை எப்படி ஓட வைப்பது என்று எழுதி வைக்கும் எங்கள் ரீட்மீ கோப்பில் இருந்த நோட் (Node.js, ப்ராஜெக்ட் ஓடத் தேவையான மென்பொருள்) பதிப்பு மூன்று வருடப் பழசு. எங்களுக்கெல்லாம் கை தானாகச் செய்துவிடும் என்பதால் ஒருத்தரும் அதைத் திருத்தவில்லை. பத்து நிமிடத்தில் ஓட வைத்துவிட்டேன்.

"நாலு நாளா ஏம்ப்பா கேக்கல?" என்றேன், எல்லார் முன்னாலும். அங்கேதான் தப்புச் செய்தேன் என்று இப்போது தெரிகிறது. "கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுருவீங்க சார்" என்றான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

வரும் ஜூனில் மறுபடி நான்கு பேர் எடுக்க நினைக்கிறேன். "ரெண்டு வருஷ அனுபவம்னு விளம்பரத்துல போடு, தலைவலி விட்டது" என்கிறார் என் தொழில் பங்காளி. மைசூரில் வளாகம் கட்டி மாதக்கணக்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க நான் இன்ஃபோசிஸ் இல்லை. என் அளவுக்கு என்ன முடியும்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: உசிலம்பட்டிக்காரி

அண்ணே, அந்தப் பையன் உட்கார்ந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 2019இல் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பத்து நாள் எனக்கு வந்த சம்பளம் வீண் என்றே நினைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு அக்கா. தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். "புரிஞ்சுதா?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எங்களுக்கெல்லாம் வாயில் ஒரே பதில்தான், "புரிஞ்சுதுக்கா". அவர் கேட்டது, "எங்க நிக்குது?" அதற்குத் தலையாட்டித் தப்பிக்க முடியாது, நின்ற இடத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். அதுவும் தமிழில். எர்ரரை ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கத் தெரியாது. இந்த இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நேர்காணலில் நிறையப் பேரைக் கழித்துவிடுகிறார்கள்.

பின்னால் தெரிந்துகொண்டேன், அந்த மூன்று மாதம் அக்காவுக்கு மேனேஜர் வேலையைக் குறைத்துக் கொடுத்திருந்தாராம். இதை விட்டுவிடாதீர்கள். முழு வேலையையும் தலையில் கட்டிவிட்டு "புதுசா வந்தவங்களையும் பாத்துக்கோ" என்றால், பார்த்துக்கொள்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். அது எங்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பணம். ஜூன் 1 சேர்ந்தால் முதல் சம்பளம் ஜூன் கடைசியில்தானே. அதற்குள் ஹாஸ்டல் அட்வான்ஸ், ஒரு மாதச் சாப்பாடு, நாலு செட் துணி. அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் நான் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள், உங்களுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை.

அந்தப் பெண் விஷயம். டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021இலிருந்து பெரிய ஆறுதல்தான், ஆனால் ஏழரை மணிக்கு மீட்டிங் வைத்தால் ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்து வீடு சேர எத்தனை மணியாகும் என்று பாருங்கள். என் அப்பாவை முதல் மாதமே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வந்தார், நான் உட்காரும் இடத்தைப் பார்த்தார், காபி குடித்தார், போனார். அதற்கப்புறம் வீட்டில் ஒரு பேச்சில்லை.

பதில்: திருநகர் வாத்தியார்

ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்க்கிறேன். உங்கள் பங்காளியிடம் இதைச் சொல்லுங்கள்: தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு முப்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விரும்பி எடுக்கலாம், ஆக உங்கள் பதினோரு பேர் போதும். அந்த விதிகள் பட்டதாரிக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. நாட்ஸ் (NATS) என்ற மத்திய அரசின் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிந்தால் குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசுடையது. தொகை மாறியிருக்கலாம், பதியும்போது போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். 9,000 ரூபாயில் மதுரையில் தங்கிச் சாப்பிட முடியாது, மேலே நீங்கள் போட வேண்டும்.

என் பெரிய குறை வேறு. வளாகத் தேர்வுக்கு வருகிறவர்கள் முதல் வரியிலேயே "அரியர் இருக்கக் கூடாது, பத்தாவதிலிருந்து 60 சதவீதம்" என்கிறார்கள். பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் கணக்கும் இயற்பியலும் எழுதுகிறான். இரண்டு அரியர் விழத்தான் செய்யும். மூன்றாம் ஆண்டில் அதே பையன் பத்துக்கு எட்டுப் புள்ளி வாங்குவான், ஆனால் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2005இலிருந்தே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பழக்குகிறது. அவர்கள் பட்டப்படிப்பு மார்க்கைப் பார்க்கவே வழியில்லையே!

ஜூனில் வராதீர்கள். மூன்றாம் ஆண்டிலேயே வாருங்கள். 2022இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் கல்லூரிக்குள்ளேயே ஏதாவது ஒரு திறன் பாடம் படிக்கிறார்கள். உங்கள் பில்லிங் மென்பொருளில் உண்மையாகவே இருக்கும் பத்துப் பிழைகளைக் கொண்டுவந்து கொடுங்கள். யார் எப்படி யோசிக்கிறான் என்பது ஒரு சனிக்கிழமையில் தெரிந்துவிடும்.

பதில்: பைபாஸ் ரோடு

எல்லாம் சரிதான். ஆறு மாதம் சோறு போட்டுப் பழக்கினால் ஏழாவது மாதம் பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுவான். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வையுங்கள், இல்லையென்றால் இரண்டு வருட பாண்டு போடுங்கள்.

பதில்: உசிலம்பட்டிக்காரி

என் தோழியின் சான்றிதழ்களை அப்படித்தான் ஒரு இடத்தில் பூட்டி வைத்தார்கள். அரசுத் தேர்வு ஒன்றில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவளால் போக முடியவில்லை. பாண்டு போட்ட இடத்தில் உடம்பு இருக்கும், மனசு இருக்காது. பழகிய இடத்தைவிட்டு நானும்தான் போனேன், ஆனால் போன பிறகு அங்கே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டவளும் நான்தான்.

பதில்: பில்லிங்காரன்

எல்லாருக்கும் நன்றி. பைபாஸ் ரோடு அண்ணே, சர்டிபிகேட் விஷயம் எனக்கு ஒத்துவராது, கோபிக்க வேண்டாம்.

பங்காளியிடம் நேற்று பேசினேன். நான்குக்குப் பதில் இரண்டு பேர் எடுக்கிறோம். எங்களிடம் உள்ள சீனியர் பெண் ஒருவர் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி அவர்களோடு உட்காருவார். அவருடைய இரண்டு வாடிக்கையாளர்களை மூன்று மாதத்துக்கு நான் பார்க்கிறேன். அதில் ஒருவர் கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரர், இரவு பத்து மணிக்கு போன் செய்கிறவர். அது என் தலையெழுத்து. முன்பணம் சரி. பாதி உதவித்தொகை அரசு தரும் என்றதும் பங்காளி முகம் தெளிந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வேலை, ரீட்மீயைப் பார்த்து ப்ராஜெக்டை ஓட வைப்பது. எங்கெங்கே இடறுகிறதோ அதையெல்லாம் அவர்களே அந்தக் கோப்பில் திருத்தி எழுத வேண்டும். அப்போது இடறுவதுதானே வேலை, யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்தப் பையனுக்கும் போன் செய்தேன். செக்கானூரணியில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பரவால்ல சார், கடையில ஆள் நிக்கிறாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.

வாத்தியார் ஐயா, பத்துப் பிழை கேட்டீர்கள், எங்களிடம் நாற்பது இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை கல்லூரி உண்டா?