விடுநோவு: ‘மீள்வலி’க்கு ஒரு மாற்றுச் சொல்

அன்புள்ள மருத்துவக் கலைச்சொல் குழுவினர்க்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

வயிற்றை மெல்ல அழுத்திக் கையைச் சட்டென்று எடுக்கும்போது எழும் வேதனைக்கு ‘மீள்வலி’ என்ற சொல்லை மருத்துவர் ஐயா முன்மொழிந்திருந்தார்கள். போய்விட்டுத் திரும்பி வந்த வலி என்றே படிப்பவர் அதைக் கொள்வர் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘விடுநோவு’ என்பதை முன்வைக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆச்சிமார் ‘வயிறு வலிக்கிறது’ என்பதையும் ‘தொட்டால் நோகிறது’ என்பதையும் ஒன்றாக்கிப் பேசுவதில்லை. திசு ஆய்வு மேசையில் அமர்ந்திருக்கும் எனக்கு இந்த வேறுபாடு வெறும் பேச்சுவழக்காகத் தோன்றவில்லை. குடலைப் போர்த்திய உறை தன்னியக்க நரம்புகளைச் சார்ந்திருப்பதால், அது வெட்டுவதையோ தீண்டுவதையோ உணராது, விரிவு போன்றவற்றையே உணரும். அதனால்தான் குடல்வால் அழற்சியின் தொடக்கத்தில் வலி தொப்புளைச் சுற்றி, இடம் சுட்ட முடியாமல் மந்தமாக இருக்கிறது. அழற்சி தசையடுக்கைக் கடந்து வெளிப்பரப்பை எட்டி, வயிற்றுச் சுவரின் உட்புற உறையையும் தொட்டுவிட்டால், அவ்வுறைக்குத் தோலுக்குரிய அதே உடல் நரம்புகள் இருப்பதால், நோயாளி வலது அடிவயிற்றில் ஒரு விரலால் இடத்தைக் காட்டுகிறார். அறுத்தெடுத்த குடல்வாலின் வெளிப்பரப்பில் ஃபைப்ரின் என்னும் புரத இழைப் படலத்தையும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களையும் நான் காணும்போது, ‘வலி’ ‘நோவாக’ மாறிய தடத்தையே காண்கிறேன் எனலாம். இரைப்பைப் புண் துளைபட்டால் இந்தப் படிநிலைகள் தெரிவதில்லை: அமிலம் நேரே வயிற்றுச் சுவரின் உறையில் கொட்டுவதால் வயிறு நொடியில் பலகையாகிவிடுகிறது.

குடலைப் போர்த்திய உறைக்கு ‘உறுப்புறை’, வயிற்றுச் சுவரின் உறைக்குச் ‘சுவருறை’ என்பன போதும். ‘விடுநோவு’க்கான விளக்கத்தில் ‘சுவருறை அழற்சியால் எழுவது’ என்றும் சேர்க்கலாம். சுவருறைக்குச் ‘சுவரொட்டி’ பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே அச்சொல்லைக் கேட்டவுடன் உணவகத்து ஆட்டு மண்ணீரல் வறுவல்தான் நினைவுக்கு வரும்.

*

அன்பருக்கு வணக்கம்.

‘விடுநோவு’ என்பதை ஏற்று, ‘மீள்வலி’யைத் திரும்பப் பெறுகிறேன். அழுத்தி விடுவது நோயாளியைத் துன்புறுத்துவதால், விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதே போதும் என்று இப்போது பலர் கருதுகிறோம். அதற்குத் ‘தட்டுநோவு’ என்றும், பொதுவாகத் தொட்டால் எழுவதற்குத் ‘தொடுநோவு’ என்றும் தங்கள் சொல்லிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். சொல்லின் விளக்கத்தில் ‘சுவருறை அழற்சியால் எழுவது’ என்று சேர்க்க வேண்டாம். முதியவர்களிடமும் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களிடமும் குடல் துளைபட்டு, உறை முழுவதும் சீழ் படிந்திருந்தும் வயிறு மென்மையாகவே இருப்பதுண்டு. திசு ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் சொல்லும் அந்த நோயாளிகளிடம், விடுநோவு இல்லாததையே அழற்சி இல்லாததாக மாணவர் பொருள்கொண்டுவிடக் கூடாது. ‘அழுத்திய கையை விடும்போது மிகும் நோவு’ என்ற அளவில் விளக்கம் நிற்கட்டும்.