குவார் கம்ல கேலக்டோஸ் ஆக்ஸிடேஸ் பாதியில படுத்துடுது, ஹெல்ப் ப்ளீஸ்

வணக்கம் மக்களே, என்சைம் வேலை பாக்குறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு குவார் கம், அதாவது கொத்தவரை விதையிலேருந்து எடுக்குற கோந்து, அதை கேலக்டோஸ் ஆக்ஸிடேஸ் வச்சு ஆக்ஸிடைஸ் பண்ணிட்டு இருக்கேன். ஃப்யூசேரியம் பூஞ்சையோட என்சைம், நடுவுல ஒரே ஒரு காப்பர், கம்ல கிளையா இருக்குற கேலக்டோஸ் சர்க்கரையோட 6வது கார்பன்ல இருக்குற ஆல்கஹாலை ஆல்டிஹைடா மாத்தும், கூடவே ஆக்ஸிஜன் ஹைட்ரஜன் பெராக்ஸைடா மாறிடும். அந்த ஆல்டிஹைடு பக்கத்து ஓஹெச்சோட சேர்ந்து ஹெமிஅசிட்டால்ங்குற இணைப்பாகி ஜெல் கட்டணும், அதான் பிளான்.

ஆனா ஆரம்பத்துல நல்லா ஓடுது, அப்புறம் அப்படியே நின்னுடுது. என்சைமுக்குள்ள காப்பரோட சேர்ந்து வேலை செய்யுற டைரோசின் ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள அமினோ அமிலம்) போயிட்டா காப்பர் இருந்தும் பிரயோஜனம் இல்ல, அதை திரும்ப எழுப்ப ஹார்ஸ்ரேடிஷ் பெராக்ஸிடேஸ், பெராக்ஸைடை உடைக்க கேட்டலேஸ், ரெண்டும் சேர்க்கணும்னு படிச்சேன். சிக்கல் என்னன்னா நான் ஆக்டிவிட்டி பாக்குறதே ஏபிடிஎஸ் (பெராக்ஸிடேஸ் பெராக்ஸைடை வச்சு நிறம் மாத்துற பொருள்) கலர் வச்சுதான், அதுக்கு பெராக்ஸைடு வேணும்ல, கேட்டலேஸ் போட்டா அதையே தின்னுடுமே!

கைடு கிட்ட கேட்டா பேப்பர் படிங்குறார் (படிச்சதாலதான் சார் கேக்குறேன்).

கேட்டலேஸ் இருக்கும்போதே ஆல்டிஹைடை நேரா அளக்க சிம்பிள் வழி இருக்கா? போரோடியூட்டரைடு போட்டு (ஆல்டிஹைடு இருந்த இடத்துல டியூட்டீரியம் அடையாளம் வைக்க) ஜிசி-எம்எஸ் மெஷின்ல பாக்குற வசதிலாம் எங்க லேப்ல கிடையாது. அப்புறம் கம் கெட்டியா இருக்குறதால ஆக்ஸிஜனே உள்ள போகலையோனும் டவுட்டா இருக்கு, ஷேக்கர் போதுமா இல்ல காத்து ஊதணுமா?