ரெகுலேட்டருக்கு என்ன சொல்: துருசா, சீராக்கியா?

மட்டக்களப்பு, விரிவுரையாளர்:
லினக்ஸ் கருவுக்கு (கேர்னல்) சாதன மரம், அதாவது மின்சுற்றுப் பலகையில் என்னென்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் கோப்பு, எழுதுவது பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த மரத்தில் மின் முகாமைச் சிப், ஐ2சி என்ற, சிப்புகள் பேசிக்கொள்ளும் பாட்டையில் ஒரு கணு. அதன் ஒவ்வொரு வெளியீடும் உட்கணு. ஒவ்வொன்றுக்கும் குறைந்த, கூடிய எல்லையை மைக்ரோவோல்ட்டில் கொடுக்க வேண்டும், 1.8 வோல்ட் என்றால் 1800000. மின்னழுத்தத்தை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும் 'ரெகுலேட்டர்' வருகிற இடத்தில்தான் சறுக்குகிறது. 'மின்னழுத்த ஒழுங்குபடுத்தி' வாயை அடைக்கிறது. சின்னதாக ஒரு சொல் தாருங்கள்.

அக்கரைப்பற்று:
மின்துருசு. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசு மாதிரி. வயல்காரர் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை.

சென்னை:
ஐயா, துருசு என்றால் எங்களுக்கு மயில்துத்தம், நாட்டுமருந்துக் கடைச் சரக்கு. 'மின்மதகு' என்று வையுங்கள். சிப்பையும் 'சில்லு' ஆக்கிவிடலாமே.

கல்முனை:
சில்லு இங்கே சைக்கிளில் இருக்கிறது, அண்ணன். துருசோ மதகோ, பொருளே பிழை. குளத்து மட்டம் இறங்கினால் துருசு வழி வரும் தண்ணீரும் குறையும். ரெகுலேட்டரோ உள்ளே வருவது ஏறி இறங்கினாலும் வெளியே மட்டத்தை விடாது. மட்டம் காப்பது குளத்து வான்தான் (கலிங்கு), மிஞ்சியதை வழியவிட்டு. மிஞ்சிய மின்னை அப்படியே வழியவிடும் செனர் டயோட்டுக்கு அது பொருந்தும். ஆனால் எல்டிஓ வகை ரெகுலேட்டர் மிஞ்சியதைச் சூடாக்கிக் கழிக்கிறது. பக் வகை படுவேகமாகத் திறந்து மூடியே சமாளிக்கிறது. இரண்டுக்கும் வான் சரிவராது.

அக்கரைப்பற்று:
அப்போ ரெகுலேட்டர் என்றே எழுதிவிட்டுப் போவோமா? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லுக்குப் பட்ட பாடெல்லாம் எதற்கு?

கல்முனை:
சேர், கோப்பில் 'ரெகுலேட்டர்-ஆல்வேய்ஸ்-ஆன்' (எப்போதும் அணைக்காதே) என்று ஆங்கில எழுத்தில்தான் அடித்தாக வேண்டும். கரு தேடுவது அந்தச் சொல்லைத்தான். தேவையான இடத்தில் அந்த வரியை விட்டுப்பாருங்கள்: எந்த டிரைவரும் (சாதனத்தை ஓட்டும் நிரல்) கேட்டு வைத்திராத மின்வழியை, கரு எழும்பி 30 செக்கன் அளவில் அணைத்துவிடும். பலகை நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நிற்கும். பிள்ளை எந்தத் தூய தமிழை வைத்து அதைக் கண்டுபிடிப்பது?

மட்டக்களப்பு, விரிவுரையாளர்:
சரி, சண்டை போதும். முதல் இடத்தில் 'அழுத்தச் சீராக்கி' என்று போட்டுப் பக்கத்தில் ரெகுலேட்டர், பிறகு வெறும் 'சீராக்கி'. சிப், சிப்தான்.

கல்முனை:
சம்மதம்.

சென்னை:
எனக்கு மதகுதான். இருந்தாலும் சரி.

அக்கரைப்பற்று:
ஆடலோட்டத்தை டயோட்டால் நேரோட்டமாக்குவதைப் பள்ளிக்கூடத்தில் 'சீராக்கல்' என்றல்லவா படிப்பிக்கிறோம்? அந்தச் 'சீராக்கி'யை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

மட்டக்களப்பு, விரிவுரையாளர்:
அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று, சேர்.