மலாவியில சுகர்: இன்சுலின் ஃப்ரீன்னா போதுமா?

கடலூர்குமரன்: ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வைத்தியம் ஃப்ரீ, இன்சுலினும் ஃப்ரீ, ஆனா ஸ்டாக் இருந்தாத்தானே? உலக இன்சுலின் மார்க்கெட்ல 90 சதவீதத்துக்கு மேல நோவோ நார்டிஸ்க், எலை லில்லி, சனோஃபி, இந்த மூணே கம்பெனி கைல. இன்சுலின கண்டுபிடிச்சவங்க 1923ல பேட்டண்ட்ட ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ யுனிவர்சிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நூறு வருஷம் கழிச்சும் ஏழை நாட்டுப் புள்ளைக்கு கிடைக்கலன்னா அது பகல் கொள்ளை. விலைய இறக்க வைங்க, மத்தது தானா சரியாகும்.

மேரி_சிஸ்டர்: தானா சரியாகுமா? நல்லா சொன்னீங்க தம்பி. நான் அங்க தெற்குப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரில வேலை பார்த்தவ. ஃப்ரிட்ஜுல இன்சுலின் இருக்கும், மீட்டர்ல சொருகி சுகர் பாக்கற ஸ்ட்ரிப் இருக்காது. யாரோ ஒரு கம்பெனி மீட்டர தானமா குடுத்துட்டுப் போவாங்க, அடுத்து வர்ற ஸ்ட்ரிப் வேற கம்பெனி, உள்ள ஏறவே ஏறாது. அளக்காம எத்தனை யூனிட் போடுறது சொல்லுங்க? இன்னொன்னு சாப்பாடு. ஜனவரி பிப்ரவரில வீட்ல இருக்கற மக்காச்சோளம் தீர்ந்துரும், அறுப்பு ஏப்ரல்லதான், அதுவரைக்கும் பல வீட்ல ஒரு வேளைதான் ந்சிமா, அதான் அவங்க மக்காச்சோளக் களி. காலைல ஊசி போட்டுட்டு ராத்திரி வரைக்கும் வயித்துல ஒண்ணும் இல்லன்னா சுகர் இறங்கி மயங்கி விழுவாங்க, அதுக்கு பயந்து அவங்களே ஊசிய பாதியாக்கிடுவாங்க, அப்புறம் கால் புண்ணு அழுகி காபாசாங்கற வாடகை சைக்கிள் பின்னாடி உக்காந்து வந்து சேருவாங்க. கம்பெனிக்காரன் நாளைக்கே சும்மா குடுத்தாலும் இது மாறாது.

கணக்குப்புள்ள: சிஸ்டர், எல்லாம் சரி, காசு? 2023 நவம்பர்ல அவங்க பணம் குவாச்சா மதிப்ப 44 சதவீதம் இறக்குனாங்க, டாலர் இல்ல, பெட்ரோலுக்கே க்யூ. டைப் 1, அதாவது உடம்புல இன்சுலினே சுரக்காத புள்ளைங்க எண்ணிக்கை ரொம்ப கம்மி. கொடுமையா தெரியலாம், அதே காசுக்கு கொசுவலை வாங்குனா அதிக உயிர் பிழைக்கும்.

மேரி_சிஸ்டர்: கம்மின்னு யார் எண்ணுனது? புள்ள மூச்சு வாங்கிட்டு நினைவில்லாம வந்தா முதல்ல மலேரியான்னுதான் மருந்து ஏத்துவாங்க. சுகர் பாக்கணும்னு தோணவே தோணாது, தோணுனாலும் ஸ்ட்ரிப் இல்ல. செத்தா அது மலேரியா கணக்கு. உங்க கணக்கே அங்க இருந்துதானே வருது!

புதுசா கட்டடம் கேக்கல நான். மலாவிலயே நேனோ மாவட்டத்துல 2015ல இருந்து எச்ஐவி க்ளினிக்லயே சுகர், பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா எல்லாம் சேத்துப் பாக்குறாங்க. எச்ஐவிக்குன்னு உண்டான அதே ஏற்பாடு, அதே ஆளுங்க. அந்த எச்ஐவி காசுலதான் சுகர்காரனும் உள்ள நுழையுறான்.

ராஜி: நடுவுல ஒரு டவுட், கரண்ட் இல்லாத வீட்ல இன்சுலின் கெட்டுப் போகாதா?

மேரி_சிஸ்டர்: மண்பானைல ஈரமணல் போட்டு வைப்பாங்கம்மா. கென்யாவுல தாகஹலே அகதி முகாம் வெயில கணக்கெடுத்து டெஸ்ட் பண்ணி 2021ல ரிசல்ட் வந்துச்சு, 25லருந்து 37 டிகிரிக்குள்ள நாலு வாரம் தாங்குது. அது பெரிய பிரச்சனை இல்ல.

கடலூர்குமரன்: நேனோ நேனோன்னு சொல்றீங்க, அங்க பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்னு ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் துணைக்கு நிக்குது சிஸ்டர். மத்த மாவட்டத்துக்கு யாரு? வெளிநாட்டுக் காசு ஒரே கையெழுத்துல நின்னு போகும்னு 2025ல அமெரிக்க அரசோட உதவி அமைப்பு யுஎஸ்எய்ட் விஷயத்துல பாத்தாச்சு. கம்பெனியையும் அவ்ளோ லேசா விடாதீங்க. நோவோ ஹ்யூமன் இன்சுலின் ஊசிப் பேனாவ நிறுத்துறேன்னதும் தென்னாப்பிரிக்கா அரசு ஆஸ்பத்திரிங்களே 2024ல பழையபடி பாட்டிலும் சிரிஞ்சுமா திரும்புச்சு. அவ்ளோ பெரிய நாட்டுக்கே அந்த கதி, மலாவி பேச்ச எவன் கேப்பான்?

கணக்குப்புள்ள: இத நானும் ஒத்துக்கறேன். ஆனா சேத்து நடத்துற க்ளினிக்ல எச்ஐவி காசு குறைஞ்சா முதல்ல யாருக்கு மருந்து நிக்கும்? சுகர்காரனுக்குத்தான்.

மேரி_சிஸ்டர்: தனி க்ளினிக்கா இருந்தா மட்டும் நிக்காதா? 2022ல டோகோ நாட்டு லோமேல ஆப்பிரிக்க சுகாதார மந்திரிங்க கூடி பென்-பிளஸ் திட்டத்த ஏத்துக்கிட்டாங்க, டைப் 1ஐ மாவட்ட ஆஸ்பத்திரியிலயே பாக்கணும்னு. அதுக்கு பட்ஜெட்ல தனியா பணம் ஒதுக்கச் சொல்லுங்க. டெண்டர் விடறப்ப மீட்டரும் ஸ்ட்ரிப்பும் ஒரே கம்பெனின்னு எழுதச் சொல்லுங்க, அதுக்கு எந்த டாலரும் வேணாம். நைட் டூட்டி இருக்கு, நாளைக்கு வர்றேன்.