புதுப்பிப்பு: பெசன்ட் நகர் - நீலாங்கரை கடற்கரையில் ஆமை பார்க்கப் போவோருக்கு

முந்தைய பதிவில் ‘சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் போதும்’ என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். செல்போன் வெளிச்சத்தில் ஒரு தாள் ஒட்டினால் வெள்ளை ஒளி கசியும். முட்டையிட ஏறும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) அதைப் பார்த்தால் பாதியில் கடலுக்குத் திரும்பிவிடும். விளக்கே வேண்டாம், கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும்.

தடத்தைத்தான் தேட வேண்டும். ஈர மணலில் முக்கால் மீட்டர் அகலத்துக்கு, இடமும் வலமும் மாறி மாறித் துடுப்புக் கீறல்கள் இருக்கும். ஏறிய தடம் மட்டும் இருந்து இறங்கிய தடம் இல்லையென்றால் ஆமை மேலேதான் இருக்கிறது, அங்கேயே நின்றுவிடுங்கள். குழி ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம், முட்டைகள் நூறு, நூற்றிருபது. குழியைத் தொடக் கூடாது: 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது.

ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும் காலம். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், குஞ்சு பார்க்க மார்ச், ஏப்ரலில் போங்கள். கடலுக்குப் போகாமல் தெருவிளக்குப் பக்கம் ஓடும் குஞ்சுகள்தான் பெரிய தலைவலி.

காலையில் கரைவலை (கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய மீன்வலை) இழுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள், வலையை மிதிக்காதீர்கள். இழுக்கக் கை கொடுக்கலாமா என்று மீனவர் குப்பத்து அண்ணன்களிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.