புதுப்பிப்பு: அன்றாடச் சமையலைக் கொண்டு ஆங்கிலம் பேச வைத்தல்

ஏழாம் வகுப்பு மாணவர்களை வீட்டு உணவைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வைப்பது எப்படி என்று இவ்விழையில் முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

படஅட்டைகளால் காய்கறிப் பெயர்கள் மனத்தில் நின்றன, வாக்கியம் வரவில்லை. பலன் தந்தது, அடுப்பில்லாமல் வகுப்பிலேயே எலுமிச்சைச் சாறு கலக்கச் செய்யுங்கள் என்று இங்கே ஓர் ஆசிரியை சொன்ன வழிதான். ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவர் சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும். 'ஆட் சால்ட்' என்று அளவில்லாமல் சொன்னதும் எதிரே நின்ற மாணவி கரண்டி நிறைய உப்பை அள்ள, வாய் திறவாத பிள்ளைகள்கூட 'நோ, எ பிஞ்ச்!' (இல்லை, ஒரு சிட்டிகை!) என்று குரல் கொடுத்தார்கள். ஆங்கிலச் சமையல் குறிப்புகள் 'போர்' (ஊற்று), 'ஸ்க்வீஸ்' (பிழி), 'ஸ்டிர்' (கலக்கு) என ஏவல் வினையிலேயே தொடங்குவதால், எழுவாயையும் காலத்தையும் தேடித் தடுமாறாமல் பேச்சு தொடங்கிவிடுகிறது. இம்முறையின் பெரிய பலம் இதுவே என்று கருதுகிறேன்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: செய்து முடித்ததை விவரிக்கச் சொன்னபோது, அதே வினைகளை இறந்தகாலத்துக்கு மாற்றப் பலர் திணறினர். ஆகவே அதற்குத் தனி வகுப்பு ஒதுக்குங்கள். எலுமிச்சையை ஆசிரியரே முன்கூட்டி நறுக்கி வைத்துவிட்டால் கத்தி தேவைப்படாது.