சுரப்பேவி, சுரப்படக்கி: பரிவகக்கீழ் ஓமோன்களுக்குச் சொல் தேடல்

ஹட்டனிலிருந்து:

அன்பின் சேர், அக்காமாருக்கு,

உயர்தர உயிரியல் குறிப்பில் ஒரு சொல் இடறுகிறது. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் (hypothalamus) ஆக்கும் டீ.ஆர்.எச். (TRH) ஓமோனை "தைரொயிட்டுத் தூண்டும் ஓமோனை விடுவிக்கும் ஓமோன்" என்று எழுதினால், பிள்ளைகள் அதையும், பரிவகக்கீழின் கீழே காம்பில் தொங்கும் கபச்சுரப்பியின் (pituitary) தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான டீ.எஸ்.எச்.-ஐயும் (TSH) ஒன்றாக்கிவிடுகிறார்கள். "ஏவல் ஓமோன்" எனலாமா? சுரப்பைத் தடுக்கும் எதிரானதற்கு "விலக்கு ஓமோன்"?

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, இரண்டும் வேண்டாம். தோட்டத்தில் ஏவல் என்றால் பில்லி சூனியத்தோடு சேர்ந்துதான் காதில் விழும். இந்தச் சொல் நாளைக்குக் கிளினிக் துண்டுப்பிரசுரத்துக்கும் போகும். விலக்கு என்றால் மாதவிலக்கு. சூலகம் பற்றிய பாடத்திலேயே அது குழப்பும்.

முதலில் வேலையைப் பார்ப்போம். கபச்சுரப்பியின் பின்பகுதியான பிற்சோணை எந்த ஓமோனையும் ஆக்குவதில்லை. ஒட்சிடோசினும், சிறுநீரின் அளவைக் குறைக்கும் ஏ.டீ.எச்.-உம் (தலா 9 அமினோ அமிலங்கள்) பரிவகக்கீழின் நரம்புக்கலங்களில் உருவாகி, சிறுபைகளில் அடைபட்டு, நரம்பு நார் வழியே காம்பினூடாக இறங்கிப் பிற்சோணையில் காத்திருக்கும். கணத்தாக்கம் (நரம்பின் மின் சைகை) நார் நுனியை எட்டியதும் கல்சியம் அயன்கள் உள்ளே புகும். பை மென்சவ்வோடு ஒட்டித் திறக்கும். ஓமோன் குருதியில் கலக்கும். "விடுவித்தல்" இங்கேதான் கச்சிதம். "பிற்சோணை சுரக்கிறது" என்று எழுதுவது பிழை.

முன்பகுதியான முற்சோணை தானே ஆக்கிச் சுரக்கிறது. அதற்கான கட்டளை வாயினாளத்தில் வருகிறது: பரிவகக்கீழின் அடியில் ஒரு மயிர்க்குழாய் வலை, முற்சோணையில் இன்னொன்று, நடுவே குறுகிய நாளங்கள். உடல் முழுக்கச் சுற்றி நீர்த்துப்போகாததால் மிகச் சிறிய அளவே போதும். டீ.ஆர்.எச். வெறும் 3 அமினோ அமிலங்கள்தான். அது சுரக்கவைக்கிறது, ஆகவே "சுரப்பேவி". எதிரானது "சுரப்படக்கி". ஏவல் என்று தனியே நிற்காததால் சூனிய வாடையும் இல்லை.

இந்தச் சொற்களைச் சோதிக்க, காம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முற்சோணையின் மற்ற ஓமோன்கள் குறையும், பாலைச் சுரக்கவைக்கும் புரோலக்ரின் மட்டும் கூடும். பரிவகக்கீழிலிருந்து வரும் டொப்பமைன் அதன் சுரப்படக்கி என்று சொன்னால் காரணம் சொல்லிலேயே கிடைக்கிறது.

"கபச்சுரப்பி"யும் பழைய தவறொன்றைச் சுமக்கும் பெயர்தான். மூளையின் சளி அதன் வழியே வடிகிறது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். ஆனாலும் அது ஊன்றிவிட்ட சொல், அசைக்க வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து:

சுரப்பேவி எனக்குச் சம்மதம் அக்கா. ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள். பரிவகக்கீழின் இன்னொரு சுரப்பேவியான ஜீ.என்.ஆர்.எச். (GnRH) சுமார் 60–120 நிமிடங்களுக்கு ஒரு துடிப்பாக வரும்போதுதான் ஏவும். இடைவிடாமல் ஏற்றினால் முற்சோணைக் கலங்கள் உணர்விழந்து, சூலகத்தையும் விதைகளையும் தூண்டும் எல்.எச்.-உம் எஃப்.எஸ்.எச்.-உம் விழுந்துவிடும்.

"தூண்டும்" என்பதை முற்சோணை ஓமோன்களுக்கே ஒதுக்குவோம். அயடீன் குறைந்தால் தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோனான தைரொட்சின் குறையும், டீ.எஸ்.எச். ஏறும், அந்தத் தூண்டலில் சுரப்பி பருத்துக் கழுத்துக்கழலை ஆகும். தைரொட்சின் குறைந்தும் டீ.எஸ்.எச். ஏறாமல் கிடந்தால், பழுதைத் தேட வேண்டிய இடம் கழுத்தல்ல, கபச்சுரப்பியோ பரிவகக்கீழோ. ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு சொல் இருந்தால் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கவும் வழி பிறக்கும்.

ஹட்டனிலிருந்து:

அப்படியென்றால் டீ.ஆர்.எச். "தைரொயிட்டுத்தூண்டிச் சுரப்பேவி", டீ.எஸ்.எச். "தைரொயிட்டுத்தூண்டி". படத்தில் இப்படியே குறிக்கிறேன்.